பொங்கோல் தாழ்வாரத்தில் வாசனை ரோஜா: ஹைபிரிட் டீ இங்கே நிற்குமா?

பொங்கோல்மீனா
சனி, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சத்தமில்லாமல் வாசித்துவிட்டுப் போகிறவள் நான். இப்போது ஒரு ரோஜா எழுத வைத்துவிட்டது.

சிங்கப்பூரில் பொங்கோல், 11ஆவது மாடி, கடைசி வீடு. வாசலுக்கு முன்னே உள்ள பொதுத் தாழ்வாரம் மேற்குப் பார்த்தது. மதியம் ஒன்றரைக்கு வெயில் உள்ளே விழ ஆரம்பித்தால் ஆறரை வரை இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்பு சுங்கை தெங்கா பக்கம் ஒரு நர்சரியில் 28 வெள்ளிக்கு ஹைபிரிட் டீ ரோஜா (தண்டுக்கு ஒரு பெரிய பூ வைக்கிற கலப்பின வகை) ஒன்று வாங்கினேன். சீட்டில் டபுள் டிலைட் என்று எழுதியிருந்தது. வெண்ணெய் நிறம், ஓரத்தில் சிவப்பு. ஒரு பூ விரிந்திருந்தது, கார் வீடு வந்து சேரும்வரை உள்ளே அதே வாசனைதான்.

மறுநாளே யூடியூப் பார்த்து, வேரிலிருந்த மண்ணையெல்லாம் தண்ணீரில் அலசி எடுத்துவிட்டுப் புது மண் போட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இப்போது இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உதிர்ந்த இலையில் கறுப்பு வட்டம், ஓரம் நேராக இல்லாமல் காகிதத்தில் மை ஊறின மாதிரி. இருந்த மொட்டு விரிந்தது, ஆனால் முதல் பூவில் பாதி அளவுதான், வேலை முடிந்து வந்து முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. வெயில் அதிகம் என்பதால் காலையும் மாலையும் தலையோடு தண்ணீர் ஊற்றுகிறேன்.

கும்பகோணத்தில் அம்மா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பன்னீர் ரோஜா வைத்திருந்தார். சோப்புத் தண்ணீர்தான் அதற்கு எல்லாம். அது பாட்டுக்குப் பூத்தது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

மல்லிகட்சி
சனி, இரவு 11:05

ரோஜா வாங்கியதுதான் தவறு. 😄 நானும் நாலு வாங்கினேன், நாலும் போயின. அதே தொட்டியில் இப்போது குண்டுமல்லி, தினமும் ஒரு கைப்பிடி. ஹைபிரிட் டீ என்பது குளிர் ஊர்க்காரர்கள் குளிர் ஊருக்காகச் செய்த செடி. கரையோரப் பூந்தோட்டத்திலேயே அதை ஃபிளவர் டோம் என்கிற கண்ணாடிக் கூடத்துக்குள் ஏசி போட்டு வைத்துத்தான் காட்டுகிறார்கள். நமக்கு எதற்கு இந்த வம்பு?

ஈசூன்ரோஜாக்கா
ஞாயிறு, காலை 6:50

மல்லிகட்சி தம்பி, உங்கள் நாலு செடியும் ஏன் போயின என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. போன தடவையும் இப்படித்தான் நழுவினீர்கள்.

மீனா, பயப்பட வேண்டாம். இரண்டு கேள்வி. ஒன்று, செடியின் அடியில், வேறொரு ரோஜாவின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டின முண்டு தெரிகிறதா, அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டீர்களா? இரண்டு, கறுப்பு வட்டம் இருக்கிற இலை அடியிலிருந்து மேலே ஏறுகிறதா, அல்லது எல்லா உயரத்திலும் ஒரே சமயத்தில் வந்ததா?

பொங்கோல்மீனா
ஞாயிறு, காலை 9:15

அக்கா, முண்டு மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது, ஒரு விரல் உயரம். வட்டம் முதலில் அடி இலைகளில் வந்தது, இப்போது நடுத்தண்டு வரை ஏறிவிட்டது. உச்சியில் இரண்டு செந்தளிர் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

ஈசூன்ரோஜாக்கா
ஞாயிறு, மாலை 5:30

செந்தளிர் இருக்கிறதா, அப்படியென்றால் வேர் சாகவில்லை. நல்லது.

உங்கள் செடிக்கு இரண்டு நோவு ஒன்றாக வந்திருக்கிறது, அதுதான் குழப்புகிறது. மஞ்சளாகி உதிர்வதில் ஒரு பங்கு நீங்கள் வேரை அலசியதால். ஒட்டு ரோஜாவின் வேரை அலசக் கூடாது; அந்த மெல்லிய வேர்களெல்லாம் மண்ணோடு போய்விடும், பிறகு மேலே இருக்கிற இலைக்குத் தண்ணீர் அனுப்ப ஆளில்லை. நர்சரியிலிருந்து வந்த செடியை இரண்டு வாரம் அதே தொட்டியில் உங்கள் தாழ்வாரத்து வெயிலுக்குப் பழக விட்டு, அப்புறம் மண்கட்டி உடையாமல் அப்படியே பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் புது மண் போட்டால் போதும். மலையிலிருந்து வருகிற செடிகளின் மண்கட்டி சில சமயம் செங்கல் மாதிரி இறுகியிருக்கும், ஊற்றுகிற தண்ணீர் ஓரமாகவே ஓடிவிடும். அதற்கும் அலச வேண்டாம், ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் நனைந்துவிடும்.

இன்னொரு பங்கு கரும்புள்ளி நோய். அது பெரும்பாலும் நர்சரியிலிருந்தே உங்களோடு காரில் வந்திருக்கும், அங்கே எல்லாவற்றுக்கும் தலைமேல்தான் குழாய் அடிப்பார்கள். நீங்கள் மாலையில் தலையோடு ஊற்றி அதற்குச் சோறு போட்டிருக்கிறீர்கள். இந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் போக இலை தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு நனைத்த இலை நம் ஊர்க் காற்றில் விடியும்வரை காயாது. ஆக, இனிமேல் காலையில் மட்டும், மண்ணுக்கு மட்டும் தண்ணீர். வட்டம் விழுந்த இலைகளைக் கிள்ளி, கீழே விழுந்ததையும் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டிக்குள் உரமாக விடாதீர்கள். எல்லா இலையையும் ஒரே நாளில் மொட்டையடிக்கவும் வேண்டாம், பாதியாவது இருக்கட்டும்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தரைவீட்டுக்காரர்களை விட நமக்கு இந்த நோய் விஷயத்தில் அதிர்ஷ்டம். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, மழை இலையில் படுவதில்லை. வெயில் சாய்ந்து உள்ளே விழுகிறது. ரோஜாவுக்கு வேண்டியது அதுதான். என்னிடம் இருக்கிற ஏழு செடியில் மூத்ததற்கு ஐந்து வயது, மாடி எட்டு, கிழக்குப் பார்த்த தாழ்வாரம்.

செம்பவாங்தாத்தா
ஞாயிறு, இரவு 8:20

ரோஜாக்கா சொல்வதில் முக்கால் பங்குக்குத் தலையாட்டுகிறேன். கால் பங்குக்கு மாட்டேன்.

நான் மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே 1,500 மீட்டர் உயரம், இரவில் போர்வை வேண்டும், ரோஜா ஒன்று என் உள்ளங்கையை விடப் பெரிதாக நாலைந்து நாள் நிற்கும். ஊட்டியில் அரசு ரோஜாத் தோட்டம் பார்த்திருப்பீர்கள், 1995இல் தொடங்கியது, மலைச்சரிவில் படிப்படியாக. அதுதான் ஹைபிரிட் டீயின் இடம். இங்கே என் தரைவீட்டுத் தோட்டத்தில் 12 செடி வைத்திருக்கிறேன், காலை எட்டிலிருந்து மூன்று வரை நேர் வெயில். அதில் வருகிற தண்டின் கனம் தாழ்வாரத்துச் செடியில் வராது அம்மா. கரும்புள்ளி வருகிறதுதான், டிசம்பர் மழையில் செடி குச்சியாகவே நிற்கும், ஜனவரி கடைசியில் திரும்பவும் தழைக்கும். நான் அதைப் பனிக்காலம் என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறேன். செடிக்கும் ஓய்வு.

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் ஊர் மண் களிமண், மழை பெய்தால் குழைந்து, வெயிலில் ஓடு மாதிரி ஆகிவிடும். நான் குழியெடுக்கவில்லை, தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கிப் பாத்தி கட்டினேன். சுட்ட மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கொஞ்சம் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் குருணை. தொட்டிக்கும் இதே கலவைதான், நார்த்தூளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. தொட்டி ஒரு முழத்துக்குக் குறைவான ஆழத்தில் வேண்டாம்.

தொட்டிக்கணக்கு
ஞாயிறு, இரவு 11:50

தூங்கப் போகும்போது இந்த இழையைப் பார்த்தேன், இனித் தூக்கம் போச்சு.

வெயில் கணக்கு ஒன்று சொல்கிறேன், வீடு வாங்கும்போது யாரும் சொல்லித் தராதது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.3 பாகையில். அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும், மற்ற ஆறு மாதம் தெற்குப் பக்கம். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் கொழிக்கிற செடி டிசம்பரில் இருட்டில் நிற்கும், அதன் சொந்தக்காரர் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவார். கிழக்கும் மேற்கும் மட்டும்தான் வருடம் முழுக்க அரை நாள் நிச்சயம். ரோஜாவுக்கு ஆறு மணி நேரம் வேண்டும் என்பார்கள். மீனாவுக்குக் கிடைப்பது ஐந்து, ஆனால் மதிய வெயில், சுவரிலிருந்தும் சூடு திரும்பி அடிக்கும். செடியை வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். கறுப்புத் தொட்டி என்றால் வெளியே ஒரு வெள்ளைத் துணியாவது சுற்றுங்கள், மேற்கு வெயிலில் தொட்டியின் அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும்.

உரக் கணக்கு: மெதுவாகக் கரையும் உருண்டை உரத்தில் ஆறு மாதம் என்று அச்சடித்திருப்பது மண் 21 டிகிரியில் இருந்தால். நம் மண் பகலில் 30ஐத் தாண்டும். அந்த உருண்டை மூன்றரை, நான்கு மாதத்திலேயே காலி. இது தெரியாமல் நான் ஒரு வருடம் செடியைப் பட்டினி போட்டேன். மறுவருடம் எல்லாம் தெரிந்துவிட்டது என்று இரண்டு பங்கு போட்டு இலை ஓரத்தைக் கருக்கினேன். இப்போது அளவில் பாதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதம் ஒருநாள் தொட்டியின் அடியில் நன்றாக ஓடும்வரை வெறும் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுகிறேன்.

@செம்பவாங்தாத்தா ஐயா, உங்கள் பனிக்காலத்தை நான் மதிக்கிறேன், ஆனால் வருடத்துக்கு ஏறக்குறைய 170 நாள் மழை பெய்கிற ஊரில் அது டிசம்பரோடு நிற்கிறதா? 😀

செம்பவாங்தாத்தா
திங்கள், காலை 6:10

நிற்காது. போன ஜூனிலும் வந்தது. சொல்லாமல் விட்டேன்.

மல்லிகட்சி
திங்கள், மதியம் 12:45

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் நாலில் இரண்டு சிலந்திப்பேனால் போயின, ஒன்று நான் ஊருக்குப் போனபோது காய்ந்தது, ஒன்று என் மாமியார் அன்போடு டீத்தூளும் பாலும் கலந்து ஊற்றியதில் அழுகியது. "டீ ரோஸ் என்று நீதானே சொன்னாய்" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வாசனை பற்றி ஒரு நியாயமான கேள்வி கேட்கிறேன். லிட்டில் இந்தியா தேக்காவில் மாலை கட்டுகிற இடத்தில் பன்னீர் ரோஜா உதிரி வாசனை தூக்குகிறது. அதே தெருவில் பூச்செண்டு கடையில் நீளத்தண்டு ரோஜா, மூக்கை உள்ளே விட்டாலும் காகிதம் மாதிரி. ஏன்?

தொட்டிக்கணக்கு
திங்கள், இரவு 9:30

மாமியாருக்கு என் வணக்கம். டீ என்பது அங்கே உரம் இல்லை. சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ரோஜாக்களின் வாசனை தேயிலைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்ததால் அவற்றுக்கு டீ ரோஜா என்று பெயர் வந்தது என்பார்கள். அவற்றை ஐரோப்பிய ரோஜாவோடு கலந்ததில் வந்ததுதான் ஹைபிரிட் டீ. முதல் ஹைபிரிட் டீ என்று பொதுவாகச் சொல்லப்படுவது லா பிரான்ஸ், 1867, லியோனைச் சேர்ந்த கியோ கொண்டு வந்தது. அதற்கு நல்ல வாசனை. ஆக, வாசனையோடு பிறந்த குலம்தான் இது, நடுவில் தொலைத்தது. வெட்டுப்பூ வியாபாரத்துக்கு வேண்டியது பெட்டிக்குள் ஒரு வாரம் தாங்கும் இதழ், நீளத்தண்டு, நிறம். அதற்காகவே தேர்ந்தெடுத்து வந்ததில் வாசனை வழியில் உதிர்ந்துவிட்டது. எல்லாமே அப்படி இல்லை, ஆனால் பூச்செண்டு கடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த வகை.

2015இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இதை மூலக்கூறு அளவில் பார்த்தார்கள். பாப்பா மேயான் என்கிற கருஞ்சிவப்பு ரோஜா, வாசனைக்குப் பேர்போனது. ரூஜ் மேயான் என்பது பார்க்க அழகு, வாசனை மிகக் குறைவு. இரண்டிலும் எந்த மரபணு வேலை செய்கிறது என்று ஒப்பிட்டபோது, ஜெரானியால் என்கிற ரோஜா மணப்பொருளை உண்டாக்க உதவுகிற ஒரு நொதி மணமுள்ளதில் சுறுசுறுப்பாகவும் மற்றதில் தூங்கிக்கொண்டும் இருந்தது. எனவே உரம் போட்டு வாசனை வரவழைக்க முடியாது. இல்லாத இடத்தில் இல்லைதான். பூச்செண்டுக் கடை ரோஜாத் தண்டை நட்டு வேர் பிடிக்க வைத்துவிட்டு வாசனைக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஈசூன்ரோஜாக்கா
செவ்வாய், காலை 7:40

கணக்குத் தம்பி சொன்னது விஞ்ஞானம். நான் மூக்கு சொல்வதைச் சொல்கிறேன்.

மீனா மாலை ஆறரைக்கு முகர்ந்து வாசனை இல்லை என்கிறார். ஐந்து மணி நேரம் மேற்கு வெயிலில் நின்ற பூவில் என்ன மிச்சம் இருக்கும்? எண்ணெய்ச்சத்தெல்லாம் ஆவியாகிப் போயிருக்கும். காலை எட்டு மணிக்கு, பூ பாதி விரிந்து நடு இன்னும் மூடியிருக்கும் போது முகருங்கள். அப்போதும் மெலிதாக இருந்தால் இரண்டு கையாலும் பூவைக் குடை மாதிரி பொத்தி, வாயால் ஒருமுறை சூடாக ஊதிவிட்டு அப்புறம் முகருங்கள். நான் செடி வாங்கும்போது நர்சரியிலேயே இப்படித்தான் செய்வேன், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இரவு ஏசி அறையில் இருந்த பூ என்றால் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வாய் திறக்கும்.

இன்னொன்று, பூவை முழுக்க விரியச் செடியில் விடாதீர்கள். நம் சூட்டில் மொட்டு அவசரமாக விரியும், அதனால் பூவும் சிறுக்கும். ஊட்டிப் பூவோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். பாதி விரிந்ததைக் காலையிலேயே வெட்டிக் குவளையில் வைத்தால் சாப்பாட்டு மேசை முழுக்க இரண்டு நாள் வாசம் இருக்கும். செடியில் விட்டால் அதே பூ மறுநாள் மதியம் கண் திறந்து படுத்துவிடும்.

ஒரு தண்டில் மூன்று மொட்டு வந்தால் பக்கத்து இரண்டையும் கடுகளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். எனக்கு இன்னும் கை வராது, ஆனால் கிள்ளினால்தான் நடுமொட்டு ஹைபிரிட் டீ மாதிரி நிற்கும்.

பாசிர்ரிஸ்குமார்
செவ்வாய், இரவு 10:15

சிலந்திப்பேன் பற்றி யாரும் விளக்காமல் தாண்டுகிறீர்களே. கூரை இருக்கிற தாழ்வாரம் வரம் என்று அக்கா சொன்னார், சரி. ஆனால் மழை படாத, சூடான, காற்று வறண்ட இடம்தான் சிலந்திப்பேனுக்கும் வரம். எனக்குக் கரும்புள்ளி வந்ததே இல்லை. இது மூன்று செடியை முடித்தது.

முதலில் இலையின் மேல்பக்கம் யாரோ மாவு தூவின மாதிரி ஊசிப்புள்ளியாக வெளுக்கும். நான் உரக்குறை என்று நினைத்தேன். பிறகு பச்சை மங்கி வெண்கலம் மாதிரி ஆனது, தளிருக்கும் காம்புக்கும் நடுவில் மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைக் காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் விழுகிற தூசி நடக்கும். நடந்தால் அதுதான். பூச்சி மருந்து வாங்கி அடித்தேன், இன்னும் பெருகியது. சாதாரணப் பூச்சி மருந்து சிலவற்றில் அதைத் தின்கிற நல்ல பூச்சிகள் செத்துப்போகும், பேன் சாகாது. அது பூச்சியே இல்லை, எட்டுக் கால்.

இப்போது செய்வது: மூன்று நாளுக்கு ஒருமுறை காலை ஏழரைக்குத் தெளிப்பானை இலையின் அடிப்பக்கம் திருப்பி வேகமாக அடிக்கிறேன், இரண்டு வாரத்துக்கு விடாமல். காலையில் அடிப்பதால் பத்து மணிக்குள் இலை காய்ந்துவிடும், அக்கா சொன்ன ஏழு மணி நேரக் கணக்கில் மாட்டாது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், நாலு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பு. நேர்வெயில் படும் நேரத்தில் அடித்தால் இலை வெந்துவிடும், அதையும் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

மொட்டே விரியாமல் ஓரம் கருகி, தளிர் சுருண்டு கரடுமுரடாக இருந்தால் அது வேறு, இலைப்பேன். அந்த மொட்டை வெட்டிப் பையில் கட்டிவிடுங்கள்.

அப்புறம் இணையத்தில் "நீல ரோஜா விதை, 50 விதை 3 வெள்ளி" என்று வருவதை யாரும் வாங்க வேண்டாம். நான் வாங்கி முளைத்தது ஏதோ புல். உண்மையான விதையாக இருந்தாலும் ஹைபிரிட் டீ விதையில் தாய் மாதிரி வராது, ஒட்டும் பதியனும் குச்சியும்தான் வழி. ஜப்பானில் மரபணு மாற்றி விற்கிற நீல ரோஜாவே பார்க்க இளம் ஊதாதான்.

மல்லிகட்சி
செவ்வாய், இரவு 10:31

குமார் அண்ணே, அந்தப் புல் பூத்ததா?

பாசிர்ரிஸ்குமார்
செவ்வாய், இரவு 10:33

பூத்தது. வாசனை இல்லை.

பொங்கோல்மீனா
வியாழன், இரவு 9:00

எல்லாருக்கும் நன்றி, இத்தனை பேர் பதில் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. இலை பொறுக்கிவிட்டேன், மாலைத் தண்ணீரை நிறுத்திவிட்டேன், தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். தள்ளி வைத்ததில் புதுப் பிரச்சினை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் சந்தைத் தள்ளுவண்டி முள்ளில் மாட்டுகிறது. கீழ்வீட்டில் காயப்போட்ட போர்வையில் என் மண்தண்ணீர் சொட்டியதாக அவர்கள் மேலே வந்து சொன்னார்கள், கோபமாக இல்லை, ஆனால் சொன்னார்கள்.

ஈசூன்ரோஜாக்கா
வெள்ளி, காலை 7:05

முதலில் அளவுநாடா எடுங்கள். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், தீ விதிமுறை அது. கடைசி வீடு என்பதால் யாரும் வர மாட்டார்கள் என்று இருக்காதீர்கள். தொட்டியை ஒரே வரிசையில் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். சுவருக்கு மேலேயோ வெளியேயோ வைக்கவே வேண்டாம், கீழே ஆள் நடக்கிற இடம். நடைபாதைப் பக்கம் நீட்டுகிற தண்டில் கை எட்டுகிற உயரம் வரைக்கும் முள்ளை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும், தோல் கிழியாமல்.

தட்டு வைக்காதீர்கள். தட்டில் நிற்கிற தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிடும், சுற்றுப்புற வாரியத்துக்காரர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். மேல்மண் இறுகிக் குழியாகித் தண்ணீர் தேங்கினாலும் அதே கதை, வாரம் ஒருமுறை முள்கரண்டியால் கிளறிவிடுங்கள், வேருக்கும் நல்லது. சொட்டுவதற்கு, ஒரே மூச்சில் ஊற்றாமல் ஒரு குவளை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு குவளை. மாதாந்திர உப்புக் கழுவலைக் குளியலறையில் செய்யுங்கள்.

கீழ்வீட்டுக்கு முதல் பூவைக் கொடுங்கள்.

மல்லிகட்சி
வெள்ளி, மதியம் 1:10

இவ்வளவும் கேட்ட பிறகும் எனக்கு ஆசை வருகிறது, என் மேலேயே கோபமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று வாங்கினால் எது?

செம்பவாங்தாத்தா
வெள்ளி, மாலை 4:00

வாசனைக்கு என்றால் ஃபிராகிரண்ட் கிளவுட். பவளச் சிவப்பு, ஜெர்மனியில் டாண்டாவ் உண்டாக்கியது, 1960களில் வந்தது. அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் வாசனைப் பரிசு அதற்கு 1970இல், பாப்பா மேயானுக்கு 1974இல், மீனாவின் டபுள் டிலைட்டுக்கு 1986இல். கருஞ்சிவப்புப் பைத்தியம் இருந்தால் மிஸ்டர் லிங்கன், 1964. உயரமாகப் போகும், தாழ்வாரத்துக்குக் கொஞ்சம் திமிர் அதிகம். பாப்பா மேயான் அழகன்தான், ஆனால் எல்லா நோயையும் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைப்பான், மழை ஊரில் வேண்டாம். பீஸ் என்று ஒன்று எல்லாரும் சொல்வார்கள், 1945இல் வந்த பெரிய பூ, வாசனை சொற்பம்.

தொட்டிக்கணக்கு
வெள்ளி, இரவு 8:45

டபுள் டிலைட்டுக்கு ஒரு குறிப்பு. அந்தச் சிவப்பு ஓரம் வெயில் பட்டுத்தான் ஏறும், புறஊதாக் கதிர் படாத இடத்தில் பூ வெண்ணெய் நிறமாகவே நின்றுவிடும். மேற்கு வெயில் உள்ள மீனாவுக்குக் கவலை இல்லை. மல்லிகட்சி வடக்குப் பார்த்த வீடு என்றால் யோசிக்கவும்.

இங்கே இன்னொரு சிக்கல், பெயர்ச்சீட்டு. ஒரு நர்சரியில் மிஸ்டர் லிங்கன் என்று வாங்கியது எனக்கு ஆரஞ்சாகப் பூத்தது, கேட்டதற்கு "சூட்டில் நிறம் மாறும்" என்றார்கள். பூ இருக்கிற செடியாக, காலையில் போய், முகர்ந்து வாங்குவதுதான் வழி. ஊரிலிருந்து பெட்டியில் சுருட்டிக் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

மீனா அம்மாவின் பன்னீர் ரோஜா பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் நர்சரிக்காரர்கள் எட்வர்ட் ரோஜா என்பார்கள், இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் உருவான போர்பன் வகை. சூட்டில் வளர்ந்த குடும்பம் அது. அதனால்தான் சோப்புத் தண்ணீரிலும் பூத்தது. அதோடு ஹைபிரிட் டீயை ஒப்பிட்டு உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பொங்கோல்மீனா
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு காலை 8:20

படம் ஏற்ற முடியவில்லை, அளவு பெரிதாம். எழுத்திலேயே சொல்கிறேன்.

அந்த இரண்டு செந்தளிரில் ஒன்று கரிந்துவிட்டது. இன்னொன்று நீண்டு ஐந்து இலைக்கொத்து விட்டு உச்சியில் மொட்டு கட்டியது. பக்கத்தில் வந்த சின்ன மொட்டு இரண்டையும் கிள்ளினேன், கிள்ளிவிட்டு அரை மணி நேரம் எதுவும் செய்யப் பிடிக்கவில்லை. ஒட்டு முண்டுக்குக் கீழிருந்து ஒரு தண்டு வேகமாகக் கிளம்பியது, ஒரு காம்பில் ஏழு இலை, பச்சையும் வேறு. குமார் அண்ணனிடம் தனியாகக் கேட்டேன், அது அடிச்செடியின் தண்டு, வெட்டாமல் கிளம்பின இடத்திலேயே பிய்த்து எடு என்றார். எடுத்துவிட்டேன்.

இன்று காலை பூ பாதி விரிந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். ஓரத்தில் சிவப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும், வெயில் பட்ட பக்கம். அக்கா சொன்னபடி பொத்தி ஊதி முகர்ந்தேன். கார் முழுக்க இருந்த அதே வாசனை, கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் ஏலக்காய் போட்ட ஏதோ ஒன்று, என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடப் பையன் எழுந்து வந்து நீங்கள் ஏன் பூவை ஊதுகிறீர்கள் என்கிறான்.

கீழ்வீட்டுக்குத்தான் போகிறது. எங்கே வெட்டுவது? நீளத்தண்டோடு கொடுக்கலாமா?

ஈசூன்ரோஜாக்கா
ஞாயிறு, காலை 8:34

முதல் வருடத்துச் செடி, நீளமாக எடுக்காதீர்கள். பூவிலிருந்து கீழே வரும்போது ஐந்து இலை உள்ள முதல் காம்பு, அதன் கணு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக. கத்திரியை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். வெட்டின கணுவிலிருந்து அடுத்த பூ வர இங்கே ஆறு ஏழு வாரம் ஆகும், நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

மல்லிகட்சி
ஞாயிறு, காலை 8:41

வடக்குப் பார்த்த வீடு, ஆறாவது மாடி. ஏப்ரலில் வாங்கினால் செப்டம்பர் வரை தாங்குமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். மாமியாருக்குத் தெரிய வேண்டாம்.